அணைக்குக் கீழே ட்ரவுட்: இலையுதிர்காலத் தொடக்கத்து ஃப்ளை தூண்டில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணையின் அடிமட்டத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படும் ஆறுகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பவர்களுக்கான பக்கம் இது. காலம், வட அரைக்கோளத்தில் செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை. தென் அரைக்கோளத்தில் மார்ச், ஏப்ரல். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் மயிரும் சுற்றிச் செய்த போலிப் பூச்சியை ஃப்ளை என்றே குறிப்பிடுகிறோம். ஓரளவு வீசப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

அணைக்குக் கீழுள்ள ஆற்றில் அப்படி என்ன வித்தியாசம்?

கோடையில் நீர்த்தேக்கம் அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். வெயில் பட்ட தண்ணீர் லேசாகி மேலேயே தங்கிவிடும். முந்தைய குளிர்காலத்தில் குளிர்ந்துபோன கனத்த தண்ணீர் அடியில் கிடக்கும். மின்நிலையத்துக்குப் போகும் குழாய் பெரும்பாலும் இந்த அடித் தண்ணீரைத்தான் எடுக்கிறது. அதனால் வெளியே 30 டிகிரி வெயில் அடித்தாலும், அணையை ஒட்டிய இடத்தில் தண்ணீர் 6 முதல் 12 டிகிரி செல்சியஸில் இருக்கும். ட்ரவுட்டுக்குப் பிடித்தமான 10–16 டிகிரி அதற்குச் சற்றுக் கீழே, ஆற்றோடு இறங்கிப் போகும்போது கிடைக்கும்.

வண்டல் தேக்கத்திலேயே படிந்துவிடுவதால் ஆற்று நீர் தெளிவு. பூச்சியினங்கள் குறைவு, ஆனால் இருக்கும் இனங்களின் எண்ணிக்கை மிக அதிகம். கொசு போன்ற மிட்ஜ், நீரில் வளர்ந்து சிறகோடு எழும் பேட்டிஸ் வகை மேஃப்ளை, இறாலின் சிறு உறவான ஸ்கட், கல்லுக்கடியில் ஊரும் சோபக் ஆகியவைதான் அன்றாட உணவு. சின்ன உணவை நிறையத் தின்று கொழுக்கும் மீன் அவசரப்படாது. தெளிந்த நீரில் நின்று, பார்த்துத்தான் எடுக்கும்.

குளிர்ச்சி எல்லை மீறினாலும் கெடுதல்தான். அமெரிக்காவில் கிரீன் ஆற்றின் ஃபிளேமிங் கோர்ஜ் அணையிலிருந்து வந்த தண்ணீர் ட்ரவுட் சரியாக வளர முடியாத அளவுக்குக் குளிர்ந்திருந்தது. 1978-இல் நீரெடுக்கும் வாயை வேண்டிய ஆழத்திலிருந்து எடுக்கும்படி மாற்றிய பிறகே அங்கே மீன் நன்றாக வளர்ந்தது. உங்கள் ஆற்றில் அணை எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் விடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேல்மட்டத்திலிருந்து வழியவிடும் அணையென்றால் கீழே வரும் பதில்களில் பாதி பொருந்தாது.

காற்று குளிர்ந்துவிட்டது. தண்ணீரும் இலையுதிர்காலத்துக்கு மாறியிருக்குமா?

இல்லை. இந்தப் பருவத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். சாதாரண ஆறு காற்றோடு சேர்ந்து குளிரும். அணை ஆறு தேக்கத்தின் அடியில் என்ன மிச்சமிருக்கிறதோ அதைக் கொண்டு ஓடுகிறது. கோடை முழுக்க எடுத்து எடுத்துக் குளிர்நீர் இருப்பு குறைந்திருக்கும். பல அணைகளில் வருடத்திலேயே மிக வெப்பமான அடித் தண்ணீர் வெளிவருவது இலையுதிர்காலத்தில்தான்.

அதைவிட முக்கியம் ஆக்சிஜன். அடுக்கு பிரிந்து நிற்கும் மாதங்களில் அடித் தண்ணீருக்குக் காற்றோடு தொடர்பே இல்லை. அழுகும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சிவிடும். ஆகவே கோடை முடிவிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் வரும் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தும் மூச்சுக்குப் போதாததாக இருக்கலாம். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே ட்ரவுட் சோர்ந்துபோகும். 5-க்குக் கீழே இரையில் நாட்டம் குறையும், பிடித்துவிட்டாலும் தேறுவது கடினம். அணையோரம் அழுகிய முட்டை வாடை வந்தால், ஆக்சிஜன் தீர்ந்த அடிநீர் வருகிறது என்று பொருள்.

அப்படிப்பட்ட நாளில் அணையடியை விட்டுவிடுங்கள். தண்ணீர் கற்களில் மோதி நுரைத்து ஓடும் இரண்டு மூன்று இடங்களைத் தாண்டிக் கீழே போங்கள். ஒவ்வொரு நுரைப்பிலும் காற்று கலந்து தண்ணீர் உயிர் பெறும். நுரை முடியும் இடத்தை ஒட்டியே மீன்கள் கூடி நிற்பதைப் பார்க்கலாம். சில அணைகளில் இதற்காகவே சுழலிக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள்.

தேக்கம் புரளும்போது என்ன நடக்கும்?

மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகி, அடியோடு கலந்துவிடுவதைத்தான் புரளுதல் என்கிறோம். பெரும்பாலும் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் நடக்கும். சிறிய, ஆழம் குறைந்த தேக்கங்களில் முந்திக்கொள்ளும். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆறு பச்சையாகவோ தேயிலை நிறத்திலோ ஓடும், பாசித் துணுக்குகள் மிதக்கும். அப்போது 22 அளவுப் பொடி ஃப்ளையை மீன் காணாது. அதைவிடப் பெரிய 12–14 அளவில் சிவப்புப் புழு வடிவமோ, சிறுமீனைப் போலச் செய்த கருமையான ஸ்ட்ரீமரோ போடுங்கள். கலக்கம் தெளிந்ததும் ஆக்சிஜன் குறை தீர்ந்திருக்கும். அதற்குப் பின்வரும் வாரங்கள் மிக நல்லவை.

தண்ணீர் திறப்பு அட்டவணையை எப்படிப் பயன்படுத்துவது?

எந்த ஃப்ளை என்று யோசிக்கும் முன்பு இதைப் பாருங்கள். அணையை நடத்தும் நிறுவனம் மறுநாள் எத்தனை மணிக்கு எவ்வளவு விடப்போகிறது என்று இணையத்திலோ தொலைபேசிப் பதிவிலோ சொல்லும். ஆற்றோரம் நீரளவு காட்டும் நிலையங்களின் வரைபடமும் கிடைக்கும். அளவு நொடிக்குக் கன மீட்டரிலோ கன அடியிலோ இருக்கும். 1 கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி.

வெறும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எண் மாறும் நேரம்தான் உங்களுக்குத் தேவை. திறந்த தண்ணீர் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட இரண்டு நிலையங்களின் வரைபடங்களை ஒப்பிடுங்கள். மேல் நிலையத்தில் காலை 9-க்கும், 8 கிலோமீட்டர் கீழே 11-க்கும் கோடு எழுந்தால், அலை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. பல ஆறுகளில் இது 3 முதல் 6 கிலோமீட்டருக்குள் அமையும். வறண்டு கிடக்கும் ஆற்றில் மெதுவாகவும், ஏற்கெனவே நிறைந்த ஆற்றில் விரைவாகவும் வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், அணையடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் காரில் கீழே போய் இன்னும் இரண்டு மணி நேரம் தாழ்ந்த நீரில் பிடிக்கலாம்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் குளிரூட்டிகளின் மின்தேவை குறைவதால், வார இறுதிகளில் நெடுநேரம் குறைந்த நீர் கிடைப்பது உண்டு. எதிர்மாறாக, வெள்ளநீரைத் தாங்கத் தேக்கத்தில் இடம் ஒதுக்குவதற்காக இரவு பகலாகத் திறந்துவிடும் வாரங்களும் இதே பருவத்தில் வரும். அட்டவணை முன்னறிவிப்பின்றி மாறும். அதை வாக்குறுதியாக நம்பி ஆற்றின் நடுவே நிற்காதீர்கள்.

நான் நிற்கும்போது தண்ணீர் ஏறுவதை எப்படி அறிவது?

இறங்கியதும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பாறையில் நீர் தொடும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கோடு மூழ்கினால் பேச்சே இல்லை, வெளியே வாருங்கள். அதற்கு முன்பே சில அறிகுறிகள் உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடந்த சருகும் சுள்ளியும் நுரையும் திடீரென்று மிதந்து வரும். மேலேயுள்ள கல்லோட்டத்தின் ஓசை கனக்கும். காலில் சட்டென்று குளிர் ஏறும். அணைக்கு அருகில் சங்கு ஒலிக்கும், ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி அது கேட்காது.

உங்கள் வண்டி நிற்கும் கரைக்கே போங்கள். நடுத்திட்டில் ஒதுங்கி நின்று பார்க்கலாம் என்று நினைப்பதுதான் உயிரை வாங்கும் தவறு. ஏறும் நீரின் முதல் நிமிடங்களில் அடியிலிருந்து ஸ்கட்டும் புழுவும் பெயர்ந்து வர, மீன்கள் வெறியோடு தின்னும் என்பது உண்மை. அதைக் கரையில் நின்று பிடியுங்கள்.

எந்த நீரளவில் எப்படிப் பிடிக்க வேண்டும்?

தாழ்ந்த நீரில் மீன் ஆழமான பள்ளங்களிலும் பாசித் திட்டுகளுக்கு இடையிலான வாய்க்கால்களிலும் நிற்கும். 12 அடி லீடர் (லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு), சிறு ஃப்ளை, மெதுவான நடை. உயர்ந்து நிலையாக ஓடும் நீரில் அவை கரையோரத்துக்கு ஒதுங்கும். இறங்காமல் கரையிலிருந்தோ படகிலிருந்தோ புழு வடிவங்களையும் ஸ்ட்ரீமரையும் போடலாம். எங்கள் தேர்வு இறங்கும் நீர். வெள்ளம் வடியத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில், பெயர்ந்த இரை இன்னும் மிதந்துகொண்டிருக்க, மீன்கள் பழைய இடங்களுக்குத் திரும்பித் தின்னத் தொடங்கும்.

அதிகாலையில் போக வேண்டுமா?

கோடையைப் போல அவசியமில்லை. தண்ணீரின் வெப்பம் பெரிதாக மாறாத ஆற்றில் வெளிச்சமும் மேகமும்தான் பூச்சிகளை எழுப்புகின்றன. ட்ரைக்கோ என்னும் மிகச்சிறிய மேஃப்ளை இருக்கும் ஆறுகளில் காலைப் பொழுது முக்கியம். பேட்டிஸ் மேகமூட்டமான நாள்களில் காலை 11 முதல் மாலை 3 வரை எழும். லேசான தூறல் இருந்தால் இன்னும் நல்லது. வெயிலும் காற்றும் சேர்ந்த பிற்பகலில் கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் எறும்பும் வண்டும் தண்ணீரில் விழும். முதல் கடும்பனி பெய்யும் வரை இந்தப் பிற்பகல்களை விட்டுவிடாதீர்கள்.

கோல், லைன், லீடர் எந்த அளவில் வேண்டும்?

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 9 அடி நீளம், 5 எடை கோல் (எடை என்பது கோலுக்கேற்ற லைனின் கனத்தைச் சொல்லும் எண்). மிதக்கும் லைன், முன்பக்கம் கனத்தது. நீர்மேல் மிதக்கும் சிறு ட்ரை ஃப்ளைக்கு மட்டும் என்றால் 4 எடையும், ஸ்ட்ரீமருக்கு 6 எடையும் சுகமாக இருக்கும். ரீலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிரேக் இழுபடத் தொடங்கும் கணத்தில் திக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட் அறுவது அந்தத் திக்கலில்தான்.

டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் எண்ணால் சொல்வார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 4எக்ஸ் 0.007 அங்குலம், அதாவது 0.18 மி.மீ.; 5எக்ஸ் 0.15 மி.மீ.; 6எக்ஸ் 0.13 மி.மீ. நீருக்கடியில் ஃப்ளூரோகார்பன், மேலே நைலான். ஃப்ளூரோகார்பன் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் பொடி ட்ரை ஃப்ளையைக் கீழே இழுக்கும்.

இவற்றோடு போலராய்டு கண்ணாடியும் ஒரு வெப்பமானியும் அவசியம்.

பெட்டியில் என்னென்ன ஃப்ளை இருக்க வேண்டும்?

அணை ஆற்றுக்கு வகை குறைவாகவும் அளவுகள் நிறையவும் வேண்டும். ஒரே வடிவத்தை 16, 18, 20, 22 என்று நான்கு அளவில் வைத்திருப்பவர், நாற்பது வடிவங்களை ஒரே அளவில் வைத்திருப்பவரைவிட அதிகம் பிடிப்பார். எண் கூடினால் முள் சிறிது என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளவும்.

நீருக்கடியில் போட: ஸீப்ரா மிட்ஜ் கறுப்பிலும் சிவப்பிலும், 18–22. ஃபெஸன்ட் டெயில் நிம்ஃப் 16–20; இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியால் கட்டியதால் அது வேகமாக மூழ்கும். பேட்டிஸின் நிம்ஃபுக்கு, அதாவது நீருக்கடியில் வாழும் இளம் பூச்சிக்கு, இதற்கு மேல் ஒன்று தேவையில்லை. ஸ்கட் 14–18 அளவில். உயிருள்ள ஸ்கட் சாம்பல் கலந்த பச்சை; செத்தது ஆரஞ்சு. தண்ணீர் ஏறி இறங்கிக் கரையில் சிக்கிச் செத்தவை மீண்டும் அடித்து வரும்போது ஆரஞ்சு நிறத்துக்கு நல்ல வரவேற்பு. சாம்பல் நிற சோபக் 14–18.

மேற்பரப்புக்கு: பாராஷூட் ஆடம்ஸ் 18–22. ஆடம்ஸ் 1922-இல் மிச்சிகனில் பிறந்தது. எந்தப் பூச்சியையும் துல்லியமாகப் போலி செய்யாமல் எல்லாச் சாம்பல் மேஃப்ளைக்கும் ஒத்துவருவதுதான் அதன் பலம். எல்க் ஹேர் கேடிஸ் 14–18, எறும்பு 16–20, வண்டு 14, வெட்டுக்கிளி 8–12. பருவத்தில் மறந்துபோகும் ஃப்ளை எறும்புதான். வெட்டுக்கிளியை மறுக்கும் மீனும் மூழ்கிய எறும்பை எடுக்கும்.

மீன் முட்டை வடிவ ஃப்ளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் முட்டையிடும் இடத்தை நோக்கி அது உங்களை இழுக்கும். அதனால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இரண்டு நிம்ஃப் கொண்ட தூண்டிலை எப்படிக் கட்டுவது?

9 அடி, 4எக்ஸ் லீடரின் நுனியில் 50 செ.மீ. 5எக்ஸ் டிப்பெட்டை இரட்டைச் சர்ஜன் முடிச்சால் இணையுங்கள். அந்த முடிச்சுக்கு மேலே பொடி ஈயக்குண்டு ஒன்று. முடிச்சு அதை வழுக்கி இறங்க விடாது. டிப்பெட்டின் நுனியில் கனமான ஃப்ளை, 16 ஸ்கட் அல்லது ஃபெஸன்ட் டெயில். அதன் முள்ளின் வளைவில் 40 செ.மீ. 6எக்ஸ் கட்டி, நுனியில் 20 ஸீப்ரா மிட்ஜ். கிளின்ச் முடிச்சுக்கு ஐந்து சுற்று போதும். இறுக்கும் முன்பு எச்சிலால் நனைத்துவிடுங்கள். உலர்ந்து இறுகும்போது எழும் சூடு மெல்லிய டிப்பெட்டைப் பலவீனமாக்கிவிடும்.

மீன் கடிப்பதைக் காட்ட லீடரில் மாட்டும் தக்கையை, ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் வையுங்கள். 1.2 மீட்டர் ஆழத்துக்குத் தக்கையிலிருந்து ஈயம் வரை 1.8 மீட்டர். நான்கைந்து தடவைக்கு ஒருமுறை அடியைத் தொட்டால் சரியாக இருக்கிறது. தொடவே இல்லையென்றால் முதலில் ஈயத்தைக் கூட்டுங்கள், பிறகு தூரத்தை. ஒவ்வொரு தடவையும் பாசியோடு வந்தால் ஈயம் அதிகம்.

மீன் கடிக்காதபோது மாற்றும் வரிசை இதுதான்: ஆழம், ஈயம், மிதக்கும் விதம், ஃப்ளையின் அளவு, கடைசியாக வடிவம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து ஃப்ளை மாற்றும் நேரத்தில், பத்து செ.மீ. தக்கையை நகர்த்தியிருந்தால் மீன் கிடைத்திருக்கும்.

வெட்டுக்கிளியையும் நிம்ஃபையும் சேர்த்துப் போடலாமா?

இந்தப் பருவத்துக்கு மிகப் பொருத்தம். 10 அளவு நுரை வெட்டுக்கிளியின் முள்வளைவில் 60–90 செ.மீ. 5எக்ஸ், அதில் 18 நிம்ஃப். வெட்டுக்கிளியே தக்கை. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான இடத்தில் இது பயன்படாது. கரையோரப் புல்லுக்கும் பாசித் திட்டுக்கும் நடுவேயுள்ள மெல்லோட்டத்தில் வையுங்கள்.

மீன் அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஏன்?

பத்தில் ஒன்பது தடவை காரணம் இழுவை. உங்களுக்கும் மீனுக்கும் இடையில் வேகமான ஓட்டம் இருந்தால், அது லைனை முன்னே வளைத்துக்கொண்டு போய் ஃப்ளையைத் தரதரவென இழுக்கும். உண்மைப் பூச்சிக்கு அப்படி நகரும் சக்தி இல்லை என்பது மீனுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் இழுவையைவிடத் தெரியாத இழுவை மோசம். அணை ஆற்றின் வழுவழுப்பான நீர்ப்பரப்பில், ஃப்ளை அருகில் மிதக்கும் நுரைக்குமிழைவிட ஒரு விரற்கடை முந்தினால் போதும், மீன் மறுத்துவிடும். ஃப்ளையைப் பார்க்காமல் குமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரிசெய்ய, முதலில் இடத்தை மாற்றுங்கள். வேகமான ஓட்டத்தின் குறுக்கே வீசுவதைவிட, இரண்டு அடி நகர்ந்து ஒரே வேகத்தில் ஓடும் நீரில் வீசுவது மேல். 8–10 மீட்டருக்கு மேல் வீச வேண்டியதே இல்லை. லைன் விழுந்த உடனே, ஃப்ளை நகர்வதற்குள், கோல் நுனியால் லைனை மேலோட்டப் பக்கம் தூக்கிப் போடுங்கள். தாமதமாகச் செய்தால் ஃப்ளையும் சேர்ந்து குதிக்கும். வீச்சு முடியும் தறுவாயில், லைன் காற்றில் இருக்கும்போதே கோலை மேலோட்டப் பக்கம் நீட்டுவது இன்னும் சுத்தமான வழி.

நிலைநீர் போன்ற பரப்பில் மீனுக்கு மேலே, பக்கவாட்டில் நின்று, ஓட்டத்தோடு கீழ்நோக்கி விடுங்கள். லீடருக்கு முன்பு ஃப்ளை மீனை அடையும். தளர்ந்த லைனை நுனியை ஆட்டி ஆட்டி விட்டுக்கொடுத்தால் மூன்று நான்கு மீட்டர் இழுவையின்றிப் போகும்.

டிப்பெட்டை மெல்லியதாக்குவதும் உதவும். மீனுக்கு அது தெரியாமல் போவதால் அல்ல, மெல்லியது வளைந்துகொடுப்பதால்தான்.

மீன் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது, ட்ரை ஃப்ளையைத் தொடுவதில்லை.

எழும்பும் விதத்தைக் கவனியுங்கள். மூக்கு வெளியே தெரிந்து ஒரு குமிழ் மிச்சமானால், மேற்பரப்பில் உள்ள பூச்சியை எடுக்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்தால், மேற்பரப்புக்கு ஒரு விரல் கீழே தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சியை எடுக்கிறது. இரண்டாவதுதான் அதிகம். ஆடம்ஸின் முள்வளைவில் 30 செ.மீ. 6எக்ஸ் கட்டி, நுனியில் 20–22 ஆர்எஸ்2 போன்ற எடையில்லாத ஃப்ளையைப் போடுங்கள். ஆடம்ஸ் இருக்கும் இடத்தை வைத்து, அதைச் சுற்றி ஓரடிக்குள் நீர் சுழித்தால் கோலை உயர்த்துங்கள்.

கடித்த மீன் அடிக்கடி அறுத்துக்கொண்டு போகிறதே?

முதல் சந்தேகம் முடிச்சு, இரண்டாவது ஒரு கணத்தில் வெட்டி இழுக்கும் உங்கள் கை. 6எக்ஸ் நல்ல நிலையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தாங்கும், ஆனால் உதறலைத் தாங்காது. தக்கை நின்றால் கோலை ஓட்டத்தோடு பக்கவாட்டில் ஒரு சாண் நகர்த்தினால் போதும். கீழ்நோக்கி விட்ட ட்ரை ஃப்ளைக்கு, மீனின் தலை கீழே போகும் வரை காத்திருங்கள். ஓடும் மீனுக்கு லைனைக் கொடுங்கள், நின்றதும் கோலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்புங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை மீட்டரை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரப்போ காற்று போட்ட முடிச்சோ இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பெரிய பிரவுன் ட்ரவுட்டுக்கு இதுதான் பருவம் என்கிறார்களே?

ஆம். வட அரைக்கோளத்தில் பிரவுன் ட்ரவுட் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை முட்டையிடும். அதற்கு முந்தைய வாரங்களில் மேலோட்டம் நோக்கி நகரும், இடத்துக்காகச் சண்டையிடும், பெரிய இரையைத் துரத்தும். அணை ஆறுகளில் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு ஆர்கன்ஸாவில் கிரீர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழே லிட்டில் ரெட் ஆற்றில் 1992-இல் பிடிபட்ட பிரவுன் ட்ரவுட்டே சான்று. 40 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 18 கிலோவுக்கு மேல்; பல ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்தது.

6 எடை கோல், ஒன்றரை மீட்டர் 2எக்ஸ் லீடர், நுனி மூழ்கும் லைன், 6–10 அளவு வூலி பகர் என்னும் ஸ்ட்ரீமர். மாலை மங்கலில் அல்லது உயர்ந்த, லேசாகக் கலங்கிய நீரில் கரையை ஒட்டி வீசி, 30 செ.மீ. இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். கடிப்பது நிறுத்தும்போதுதான். அப்போது கோலை உயர்த்தாதீர்கள். லைனைப் பிடித்த கையால் நேராக இழுங்கள். கோலை உயர்த்தினால் தவறிய மீனுக்கு முன்னாலிருந்து ஃப்ளை பறந்துவிடும்.

முட்டையிடும் இடத்தை எப்படி அடையாளம் காண்பது?

பாசி படிந்த அடித்தளத்தின் நடுவே வெளிறிய நீள்வட்டம் தெரியும், அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் நீளம். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் கழுவியதால் வந்த வெளுப்பு அது. மேலோட்டப் பக்கம் சிறு குழி, கீழோட்டப் பக்கம் மேடு. முட்டைகள் இருப்பது மேட்டுக்குள். பலர் குழியைத் தாண்டிவிட்டு மேட்டின் மேல் கால் வைக்கிறார்கள். மடுவின் வால்பகுதியில், முழங்கால் ஆழத்தில், கோலிக்குண்டு முதல் முட்டை அளவு வரையான சரளை உள்ள இடங்களில் பாருங்கள்.

10 டிகிரி நீரில் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். தண்ணீர் இன்னும் குளிர்ந்தால் மாதக்கணக்கில். பொரித்த குஞ்சுகளும் சில வாரம் சரளைக்குள்ளேயே கிடக்கும். ஆக, நிறம் மங்கி அடையாளம் மறைந்த பிறகும் அங்கே நடப்பது நாசம்தான். வசந்தம் வரை சரளைத் திட்டுகளைச் சுற்றிப் போங்கள். ஜோடியாக நிற்கும் மீனுக்குத் தூண்டில் போட வேண்டாம். அதன் கீழே நின்று முட்டை பொறுக்கும் ரெயின்போ ட்ரவுட்டுகளைப் பிடிப்பது சரி என்பாரும் உண்டு. எங்கள் கருத்து வேறு. அந்த மடுவை முழுதாக விட்டு அடுத்ததற்குப் போங்கள். சில ஆறுகளில் இலையுதிர்காலத்தில் குறிப்பிட்ட பகுதிகளை மூடிவிடுவார்கள். உரிமத்தோடு தரும் விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள்.

மிதக்கும் இலைகளும் அறுந்த பாசியும் தொல்லை. என்ன செய்வது?

இலைகள் வளைவின் வெளிக்கரையோரமாகத் திரளும். உட்பக்க ஓட்டத்துக்கு மாறுங்கள். தண்ணீர் ஏறும்போது பாசி மொத்தமாகப் பெயரும், ஒரு மணி நேரத்தில் தணியும்; அதுவரை பொறுப்பதே மேல். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஃப்ளையைப் பாருங்கள். ஒரு இழை பாசி ஒட்டியிருந்தால்கூட மீன் எடுக்காது.

பிடித்த மீனை விடுவது எப்படி?

முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொடுக்கை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள். மீனைக் களைத்துப்போகும் வரை விளையாட்டுக் காட்டாதீர்கள். ரப்பர் கைவலையில் நீருக்குள்ளேயே வைத்து, நனைந்த கையால் முள்ளை எடுங்கள். படம் எடுப்பதென்றால் பத்து நொடிக்குள் முடியுங்கள். பின்பு தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, தானாகக் கையை உதறிப் போகும் வரை பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் செவுளுக்குக் கெடுதல். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருந்தாலோ, ஆக்சிஜன் 5-க்குக் கீழே இருந்தாலோ, அன்று தூண்டில் போட வேண்டாம்.

நீரில் இறங்கும்போதும் ஏறிய பிறகும் கவனிக்க வேண்டியவை?

நீர்புகா உடையின் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதை அதுதான் தடுக்கும். ஊன்றுகோல், ஆணி பதித்த அடி கொண்ட காலணி. ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு காலை ஊன்றிய பிறகே மறுகாலை எடுங்கள். தொடைக்கு மேல் வேகமான நீரில் போகாதீர்கள். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்கள் கீழோட்டத்தைப் பார்க்கும்படி மிதந்து கரையொதுங்குங்கள்.

கம்பளி அடி வைத்த காலணி வழுக்காதுதான், ஆனால் டிடிமோ பாசியையும் நியூசிலாந்து சேற்று நத்தையையும் ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்துபோகும்; பல இடங்களில் அதற்குத் தடை உண்டு. எந்தக் காலணியானாலும் ஆற்றோரத்திலேயே தேய்த்துக் கழுவி, தையல் இடுக்குகள் வரை முழுக்கக் காயவிட்டு, அதற்குப் பிறகும் இரண்டு நாள் விடுங்கள். நேரமில்லாவிட்டால் ஓர் இரவு முழுக்க உறைபெட்டியில் வையுங்கள். உறைகுளிரில் நத்தை செத்துவிடும்.